மரவள்ளிக்கு மூவகை உரம்

சேலம், நாமக்கல், தருமபுரி ஜில்லாக்களில் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளி, எருவின்றியே விளையும் என்பது குடியானவர்களிடையே பரவியுள்ள ஓர் எண்ணம். முதல் வருஷத்தில் அது மெய்யெனத் தோன்றலாம். ஆயினும், ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தில் நின்று, கிழங்கோடு மிகுந்த சாம்பல் சத்தைப் பெயர்த்துச் செல்லும் பயிர் இது. இழப்பை ஈடு செய்யாது ஆண்டுதோறும் பயிரிட்டால் நிலம் வறியதாகிறது. கிழங்கில் மாவுச்சத்தும் குறைகிறது. ஜவ்வரிசி ஆலைகளில் மாவுச்சத்தின் 'பாயிண்டு'க் கணக்கில் விலை தீர்க்கப்படுவதால், எடையிலும் விலையிலுமாக இரட்டை நஷ்டம் நேரிடுகிறது.

இதற்குப் பரிகாரம் தொழு எரு, நுண்ணுயிர் உரம், ரசாயன உரம் ஆகிய மூன்றையும் முறையறிந்து சேர்த்து இடுதலே. ஒன்றன் வேலையை மற்றொன்று முற்றும் செய்யாது.

தொழு எரு: நன்கு மக்கிய எரு ஏக்கருக்கு 10 டன் வீதம் கடைசி உழவில் இடத்தக்கது. இது மண்ணைப் பொலபொலப்பாக்கிக் கிழங்கு பருக்க இடந்தரும், ஈரத்தையும் காக்கும். எரு போதிய அளவு அகப்படாவிடில், நடவுக்கு முன் தட்டைப்பயறு விதைத்து மடக்கி உழலாம். உதிரும் மரவள்ளி இலைகளையும் நிலத்திலேயே மக்கவிடுதல் நலம்.

நுண்ணுயிர் உரம்: அஸோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஆக்கித் தரும். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். வகைக்கு ஏக்கருக்குச் சுமார் 800 கிராம் எடுத்து, தூளாக்கிய தொழு எருவில் கலந்து நடவின்போது இடுக. மரவள்ளியின் வேர்கள் தடித்து, வேர்த்தூவிகள் குறைந்திருப்பதால், வேரோடு கூடி வாழும் வேர் உட்பூசணமும் மணிச்சத்தை உறிஞ்சப் பெருந்துணையாகும். இவை உயிருள்ளவை. ஆகையால் நிழலில் வைத்து, கெடு நாளுக்குள் உபயோகிக்க வேண்டும். ரசாயன உரத்தோடு கலத்தலாகாது. இரண்டிற்கும் சில நாள் இடைவெளி அவசியம்.

ரசாயன உரம்: இறவை மரவள்ளிக்கு ஏக்கருக்கு அடியுரமாகத் தழைச்சத்து 18, மணிச்சத்து 36, சாம்பல் சத்து 48 கிலோ வேண்டும். இதற்கு ஏறக்குறைய யூரியா 39, சூப்பர் பாஸ்பேட் 225, பொட்டாஷ் 80 கிலோ ஆகும். நட்ட 90-ஆம் நாள் மண் அணைக்கையில் யூரியா 39, பொட்டாஷ் 80 கிலோ மேலுரமாக இடத்தக்கது.

யூரியாவை மட்டும் மிகுதியாக இட்டுப் பொட்டாஷை விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் செடி தழைத்து ஓங்குமேயன்றிக் கிழங்கு திரளாது. இலையில் உண்டாகும் சர்க்கரையைக் கிழங்கிற்குச் செலுத்தி மாவாகச் சேர்ப்பதற்குச் சாம்பல் சத்து இன்றியமையாதது. அது குறையின் கிழங்கில் கசப்பு நஞ்சும் ஏறும்.

மேற்கண்ட அளவுகள் பொதுவானவை. பல்லாண்டு உரமிட்ட நிலங்களில் மணிச்சத்து தேங்கியிருக்கலாம். அங்கே அதனைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம். இதனை மண் பரீட்சையே தெரிவிக்கும். ஆதலின் கிராம அதிகாரிகள் நடவுக்கு முன்பே குடிகளின் மண் மாதிரிகளை ஒருசேரத் திரட்டி மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்களாயின், ஊருக்கே பெரும் உபகாரமாகும்.