பூட்டும் பாட்டி, திறக்கும் பேரன்

மரபணு டெஸ்ட் எடுத்துவிட்டால் எந்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. டாஸெமெடோஸ்டாட் மருந்தின் கதை வேறு மாதிரி.

எபிதீலியாய்டு சர்க்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு 2020 ஜனவரியில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. இந்தக் கட்டியின் துண்டை எடுத்து, ஐஎன்ஐ1 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிய ஸ்லைடில் ரத்தக்குழாய்ச் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். ஒட்டியே இருக்கும் புற்றுச் செல்களின் உட்கரு வெளிர்நீலம். அங்கே அந்தப் புரதமே இல்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஈஇசட்எச்2 என்ற புரதம், பலகார அலமாரியைப் பூட்டிவைக்கும் பாட்டி. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மீத்தைல் குறிகளை ஒட்டி மரபணுக்களைப் பூட்டிவிடும். ஐஎன்ஐ1 இருக்கும் புரதக் கூட்டணி, பாட்டி அசந்தால் திறந்துவிடும் பேரன். பேரன் இல்லாத வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். ‘வளர்ந்தது போதும்’ என்று செல்லுக்குச் சொல்லும் பி16 போன்ற மரபணுக்களும் உள்ளேயே அடைபட்டுவிடும். 1998-இல் பிரான்சில் புற்றுக்கட்டிகளில் ஐஎன்ஐ1 இழப்பும், 2010-இல் பாஸ்டனில் இந்தப் பாட்டி-பேரன் இழுபறியும் தெரியவந்தன.

மருந்து பாட்டியின் கையைத்தான் கட்டுகிறது. ஏற்கெனவே போட்ட பூட்டுகளைத் தொடுவதில்லை. செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு செல்களுக்கும் பங்காகின்றன. புதிதாகச் சேர்பவற்றில் குறி இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் பூட்டுகள் பாதியாகக் குறையும். பெருகுவதாலேயே புற்று தன் பூட்டுகளை இழக்கிறது! மருந்து மெதுவாக வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 62 பேர். அத்தனை பேரின் கட்டியிலும் ஐஎன்ஐ1 இழப்பு உண்டு. கட்டி நன்றாகச் சுருங்கியது 15 சதவீதம் பேருக்குத்தான். இதே மருந்தை ஃபோலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்குக் கொடுத்தபோது, ஈஇசட்எச்2 மரபணு மாறியிருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பலன். மாறாதவர்களிலும் 35 சதவீதம் பேருக்குப் பலன். டெஸ்ட்டை மட்டும் நம்பி மருந்தை மறுத்திருந்தால், இந்த மூன்றில் ஒருவரின் கதி என்ன?

மருந்து கேட்காத சில கட்டிகளில் ஆர்பி1 புரதம் பழுதாகியிருந்தது. பி16-இன் சொல்லைக் கேட்டுச் செல்லை நிறுத்தும் பொறுப்பு அதனுடையது. அலமாரி திறந்து சீடை கைக்கு வந்தாயிற்று, கடிக்கப் பல் இல்லை. ஆகவே ஐஎன்ஐ1 ரிப்போர்ட்டோடு ஆர்பி1 நிலையையும் கேட்டுப் பார்க்கலாம். ஆர்பி1-ஐச் சுற்றிக்கொண்டுபோய், செல் பிரிவுக்குத் தேவையான ஆரோரா பி என்ற நொதியையும் சேர்த்துத் தடுக்கும் முயற்சி, எலிகளில் வளர்த்த கட்டிகளில் நடந்திருக்கிறது.