பறவை வாங்குவோரும் விற்போரும்



தீபாவளி முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. எம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவன் முகம் வாடி வகுப்பில் அமர்ந்திருந்தான். காரணம் கேட்டோம். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தில் 40 வெள்ளியைச் சேர்த்து, பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் ஒரு ஜோடிப் புறா வாங்கினானாம். இரண்டு நாள் கூண்டில் வைத்துச் சோளமும் பச்சைப்பயறும் போட்டான். மூன்றாம் நாள் கூண்டைத் திறந்ததும் இரண்டும் ஒரு வட்டமடித்து, செம்பனைகளுக்கு மேலே பறந்து, பழைய வீட்டுக்கே போய்விட்டன. தேடிப் போய்க் கேட்டதற்கு, "நான் கொடுத்துட்டேன், நீதான் பறக்கவிட்டே. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றானாம் விற்ற பையன். "சார், இது ஏமாத்துத்தானே?" என்று எம்மைக் கேட்டான் மாணவன்.

ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல எம்மால் இயலவில்லை. விற்றவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. புறா புறாதான், ஜோடி ஜோடிதான். ஆனால் அவை திரும்பி வந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும், வாங்கியவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் நடைபெறும் பறவை வியாபாரத்தில் உள்ள சிக்கல் எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். துணி வாங்கும்போது விரித்துப் பார்க்கிறோம். ஒரு பறவையையோ, விற்பவர் ஓர் ஆண்டு பார்த்திருக்கிறார். நாம் கால்மணி நேரம் பார்க்கிறோம். அதன் வயது, பால், நோய், பிறந்த இடம் ஆகிய நான்கும் அவர் வாய்ச்சொல்லாகவே நமக்குக் கிடைக்கின்றன.

முதலில் புறாவையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்த புறாவுக்குத் தன் கூடு எங்கிருக்கிறது என்பது மறப்பதில்லை. சூரியனின் நிலை, பூமியின் காந்தப் புலம், காற்றில் வரும் வாசனை, பழகிய சாலைகளும் கட்டடங்களும் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு அது வழி கண்டுபிடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகின்றனர். பந்தயப் புறாக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வீடு திரும்புகின்றன. பக்கத்துத் தோட்டம் அவற்றுக்கு எம்மாத்திரம்? ஆகவே புறா வளர்ப்பில் பழகியவர்கள் வளர்ந்த புறாவைப் பறக்கவிடுவதற்காக வாங்குவதில்லை. முட்டையிட்ட 17 அல்லது 18 நாளில் குஞ்சு பொரிக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தானே தீனி பொறுக்கத் தொடங்கும். வெளியே ஒருமுறையும் பறக்காத அந்தப் பருவத்தில் வாங்கி வந்தால், நம் வீட்டையே அது தன் வீடாகக் கொள்ளும். வளர்ந்த ஜோடியை வாங்கினால் அடைத்து வைத்தே குஞ்சு எடுக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் நாங்கள் தோட்டத்துச் சிறுவர்களாய் இருந்தபோது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விற்ற புறா ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால், விற்றவன் அதைப் பிடித்துத் தர வேண்டும். இரண்டாம் முறையும் வந்தால் பாதிப் பணம் திருப்பித் தர வேண்டும். எழுதி வைத்த சட்டம் அன்று. மீறியவனிடம் மறுமுறை எவரும் புறா வாங்குவதில்லை, அவ்வளவுதான். ஒரே லயத்தில் குடியிருந்ததால் அந்தக் கட்டுப்பாடு செல்லுபடியாயிற்று. இன்று விற்பவர் ஈப்போவில் இருக்கிறார், வாங்குபவர் ஜொகூரில் இருக்கிறார்; இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு கைப்பேசிப் படம் மட்டுமே.

அடுத்து வயதும் பாலும். 'லவ் பேர்ட்' என்று நம்மில் பலர் அழைக்கும் சிறு பறவை உண்மையில் பட்ஜி என்னும் ஆஸ்திரேலியக் கிளி. லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம். பெயரிலேயே குழப்பம் இருக்கும்போது மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை! பட்ஜியின் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பகுதியைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது பெரும்பாலும் நீலமாக இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பாக இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளை வகைகளில் ஆணுக்கும் அது இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுவதுண்டு. நெற்றியில் அலகு வரையில் கருங்கோடுகள் இருந்தால் அது மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவை. இந்த அடையாளமும் சாதாரண நிற வகைகளுக்கே பொருந்தும். இவ்வளவு தெரிந்தாலே, கிழட்டுப் பறவையை இளம் பறவை என்று எவரும் நம்மிடம் தள்ளிவிட முடியாது.

உண்மையான லவ் பேர்டின் கதை வேறு. நாம் பெரும்பாலும் காணும் சிவந்த முக வகையில் ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. இறகைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும். கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளியில் ஆணுக்கு அந்த வளையம் தோன்ற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே, "இது ஆண் குஞ்சு, நல்லாப் பேசும்" என்று உறுதி கூறி ஒருவர் கூடுதல் விலை கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தயங்காமல் கேட்க வேண்டும். சோதனைத் தாள் இருந்தால் காட்டுவார். இல்லாதவர், "நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்று கூறுவாரேயானால் அவரிடம் வாங்கலாம் என்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர், தெரிந்ததை மறைக்கும் வாய்ப்பு குறைவு.

பாடும் பறவைகளில் ஏமாற்றத்துக்கு இடம் இன்னும் அதிகம். மெர்போக் புறாவை உயர்ந்த கம்பத்தில் ஏற்றிப் போட்டி நடத்துவது கிளந்தானிலும் தென் தாய்லாந்திலும் பெரும் கலை. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றம். மதிப்பெல்லாம் குரலில் இருக்கிறது. பிறர் பறவையின் குரலைப் பதிவு செய்து அனுப்பினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. நேரில் போய், காலைப் பொழுதில், அது பாடுவதை நம் காதால் கேட்டே வாங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சில வாரங்கள் அது வாய் திறக்காமல் இருந்தால் விற்றவர் மீது பாயவும் வேண்டாம். இடம் மாறிய பறவைக்கு அச்சம் தெளிய நாள் பிடிக்கும்.

காலில் உள்ள வளையத்தைப் பற்றியும் ஒரு சொல். மூட்டில்லாத வளையத்தைக் குஞ்சு பிறந்த சில நாட்களிலேயே மாட்டிவிட வேண்டும். பாதம் பெருத்த பின் அது உள்ளே போகாது. ஆகவே ஆண்டு பொறித்த, மூட்டில்லாத வளையம் இருந்தால், அந்தப் பறவை மனிதர் கையில் பிறந்தது என்பதற்கு அது நல்ல சான்று. வெட்டு உள்ள வளையத்தை எந்த வயதிலும் மாட்டலாம். அது எதற்கும் சான்றாகாது. விரலால் வளையத்தைச் சுழற்றி, மூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நோய். இதைப் பற்றிப் பேசும்போது எம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து முதன்முதலாக வேலைக்குச் சென்ற தோட்டத்தில் நாம் ஆறு பட்ஜிகளை வளர்த்தோம். மூன்றாம் ஆண்டு மாற்றல் உத்தரவு வந்தது. புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பறவை இறந்து கிடந்தது. மற்ற ஐந்தும் நன்றாகத்தான் இருந்தன, அல்லது அப்படி நினைக்க விரும்பினோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் பெரிய கூண்டில் பதினைந்து பட்ஜிகள் வைத்திருந்தார். அவரிடம் கூண்டோடு விற்றோம். "எல்லாம் நல்லா இருக்குங்களா சார்?" என்று கேட்டார். "நல்லா இருக்கு ஐயா" என்றோம். இறந்த பறவையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் அவர் கூண்டு முழுதும் காலியாயிற்று. செய்தி அறிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க வாத்தியாருங்க, சார். அதான் நானும் பிரிச்சு வைக்காம ஒண்ணா விட்டேன்" என்று மட்டும் சொன்னார். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார். அந்தத் தேநீரை எப்படிக் குடித்தோம் என்பது எமக்கே தெரியாது.

எம் பறவைகள்தாம் நோயைக் கொண்டுபோயின என்பதற்குச் சான்று இல்லை. எனினும் ஒரு பறவை இறந்ததைச் சொல்லியிருந்தால் அவர் அவற்றைத் தனியே வைத்திருப்பார். விற்பவர் மறைக்கும் சிறு செய்தி, வாங்குபவர் ஏற்கெனவே வளர்க்கும் பறவைகளையும் சேர்த்துக் கொள்ளக்கூடும்.

பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் சோர்ந்து காணப்படும் பறவையைத்தான் பருந்தும் பாம்பும் முதலில் பிடிக்கும். ஆகவே அந்நியர் அருகில் வந்தால் நோயுற்ற பறவையும் நிமிர்ந்து நிற்கும். கூண்டுக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று கால்மணி நேரம் பாருங்கள். இறகை உப்பிக்கொண்டு உட்காருகிறதா? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா? பகலில் கண் சொருகுகிறதா? கழிவாய்ச் சிறகுகளில் எச்சம் ஒட்டியிருக்கிறதா? பிறகு கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் சதை இல்லாமல் கத்திபோல் தட்டுப்பட்டால், அது பல நாளாக மெலிந்து வரும் பறவை. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைக்க வேண்டும். பழைய பறவைகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனித்துக் கைகழுவ வேண்டும்.

கிளி இனங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் ஒன்றும் உண்டு. சிட்டக்கோசிஸ் எனப்படும் கிளிக் காய்ச்சல் அது. காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பதால் வரும். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் காணும். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகள் வாயிலாக அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களைக் குடித்தது. இன்று மருந்து உண்டு. ஆனால் மருத்துவரிடம், "வீட்டில் கிளி இருக்கிறது" என்று நாம் சொன்னால்தான் அவருக்கு அந்த எண்ணம் வரும். கூண்டைத் துடைக்குமுன் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்வது நல்லது.

பிறந்த இடம் என்று நான்காவதாகச் சொன்னோம். இது சட்டத்தைத் தொட்டது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2022-இல் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. இனிமையாகப் பாடும் முராய் பத்து பாதுகாக்கப்பட்ட பறவை. அதை வளர்க்கப் பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் வேண்டும். காட்டிலிருந்து அளவின்றிப் பிடிக்கப்பட்டதனால், 2022-இல் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. விற்பவர், "எல்லாரும் வச்சிருக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். அதிகாரிகள் வந்து நிற்கும்போது பறவை இருப்பது அவர் வீட்டில் அன்று, நம் வீட்டில். வாங்குமுன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது அரைநாள் வேலை. காட்டில் பிடித்த பறவையைக் கண்டுகொள்வதும் கடினமன்று. மனிதரைக் கண்டதும் கம்பியில் மோதும். நெற்றியில் இறகு உதிர்ந்து, வால் நுனி சிதைந்திருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பறவையை நேரில் காணுமுன் முன்பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திராமல் உடனே 997 என்ற எண்ணை அழைத்துத் தெரிவிக்க வேண்டும். வணிகரிடம் வாங்கிய பொருள் பற்றிய முறையீட்டை, 50,000 வெள்ளி வரையில், பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கும். வீட்டில் இரண்டு கூண்டு வைத்திருக்கும் தனி மனிதர் விற்றால் அந்த மன்றத்தின் கதவு பொதுவாக நமக்குத் திறக்காது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளுக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். ஆனால் அங்கே கையில் தாள் இருக்க வேண்டும். பறவையின் வகை, வளைய எண், விலை, விற்பவர் சொன்ன வயதும் பாலும், எத்தனை நாளுக்குள் இறந்தால் என்ன செய்வது என்பவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். "என்னை நம்பலியா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கிராணியார் எம்மிடம் அப்படி ஒரு தாள் கேட்டிருந்தால், இறந்த பறவையை மறைத்துக் கையொப்பமிட எமக்குக் கை வந்திராது.

மாணவனின் புறாக்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். மறு சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். விற்ற பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். எம்மைக் கண்டதும் சற்றே மிரண்டான். "தம்பி, இது வீட்டுக்கே வந்துடும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தவன், "தெரியும் சார். அவன் கேக்கலை, நான் சொல்லலை" என்றான். கூரைக்கடியில் அதே ஜோடி முட்டையில் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரித்துத் தானே தீனி பொறுக்கும் வரையில் அவனே பார்த்துக்கொள்வதாகவும், பறக்குமுன் இரண்டு குஞ்சுகளையும் எம் மாணவனிடம் ஒப்படைப்பதாகவும், ஒரு முட்டை கெட்டால் 20 வெள்ளி திருப்பித் தருவதாகவும் பேசி முடித்தோம். தாளில் எழுதியது எம் மாணவன்தான். எழுத்துப்பிழை இரண்டு இருந்தன, திருத்திவிட்டுக் கையொப்பமிட்டார்கள்.