இறங்கிப் பார்த்திருக்க வேண்டுமாம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒருவர் லாரியோடு ரயில் பாதையைக் கடக்க வந்தார். பக்கத்திலிருந்த ரயில்வே கட்டடம் பார்வையை மறைத்தது. வேகத்தை மணிக்கு ஐந்தாறு மைலாகக் குறைத்துக்கொண்டுதான் போனார். 60 மைல் வேகத்தில் வந்த ரயில் அடித்துக் கொன்றுவிட்டது. மனைவிக்குக் கீழ் நீதிமன்றங்கள் தந்த நஷ்டஈட்டை 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரயில் வருகிறதா என்று நிச்சயமில்லை என்றால், வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி ஹோம்ஸ். பழி முழுவதும் செத்தவர் தலையில்.

ஏழே ஆண்டுகளில், 1934இல், அதே நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ இந்த விதியைத் தளர்த்தினார். இறங்கிப் பார்த்தவர் திரும்பி வந்து ஏறி வண்டியைக் கிளப்புவதற்குள், அதுவரை கண்ணில் படாத ரயில் வந்துவிடாதா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று யோசித்தவரால்தான் இதைக் கேட்க முடியும். எது கவனக்குறைவு என்பதை அந்தந்த இடத்தின் நிலைமையைப் பார்த்து ஜூரி முடிவு செய்யட்டும் என்றார் அவர்.

ஜூரிக்கு இப்படித் திறந்த கதவு மறுபடி மூடியது ஒரு பலகையால். டென்னசி மாநிலத்தின் கிப்சன் மாவட்டத்தில் 1993 அக்டோபரில், கேட்டும் விளக்கும் இல்லாத கிராசிங்கில் ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். அங்கே இருந்தவை பெருக்கல் குறி போன்ற பலகை உள்ளிட்ட எச்சரிக்கைப் பலகைகள் மட்டுமே. ரயில் நிறுவனத்தின் மீது 70 சதவீதம், இறந்தவர் மீது 30 சதவீதம் என்று ஜூரி பொறுப்பைப் பிரித்தது. மனைவிக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு மேல் கிடைக்க வேண்டியது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மத்திய அரசின் நிதியில், அதன் ஒப்புதலோடு வைத்த பலகை அது. எனவே எச்சரிக்கை போதவில்லை என்று மாநிலச் சட்டப்படி ரயில் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்றது.

இத்தனைக்கும் அந்தப் பலகைகள், மேற்கு டென்னசியில் 196 கிராசிங்குகளுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பாவது இருக்கட்டும் என்று ஒட்டுமொத்தமாக வைக்கப்பட்டவை. இது போதும் என்று யாரும் அந்த இடத்தை ஆராய்ந்து சொல்லவில்லை. மத்திய அரசே விதவையின் பக்கம் நின்று வாதாடியது; நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்சத்தைச் செய்ததற்காக நிறுவனத்துக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்ததை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு அதே கிராசிங்கில் தானியங்கிக் கேட்டும் சிமிட்டும் விளக்கும் வந்தன. அவற்றுக்கும் பணம் மத்திய அரசினுடையதுதான். அது வழக்குக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.