ஒற்றாடலும் செய்தித்தாளும்

முடியாட்சியில் ஒற்றர்க்கு உரியதாயிருந்த இடம் குடியாட்சியில் செய்தித்தாளுக்கு உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருக்குறளில் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். எல்லார்க்கும் நிகழ்வனவற்றை நாள்தோறும் விரைந்து அறிதல் வேந்தன் தொழில் என்பது அதன் துணிபு. ஒற்றி ஆராயத்தக்கோரை எண்ணுமிடத்து, சுற்றத்தார்க்கும் பகைவர்க்கும் முன்னே அரசனுடைய வினை செய்வோரையே வள்ளுவர் வைத்தார். ஆட்சிக் கருவிகளே முதற்கண் ஆராயத்தக்கன என்பது இதனாற் பெறப்படும்.

குடியாட்சியில் வேந்தர் யாவர்? வாக்குரிமை பெற்ற மக்களே. 1951-52இல் நிகழ்ந்த இந்தியப் பொதுத்தேர்தலில் அவ்வுரிமை பெற்றோர் ஏறத்தாழ 17 கோடியர். அவர் ஒவ்வொருவரும் ஒற்றரை ஆளுதல் இயலாது. அத்தொழிலைச் செய்தித்தாள் முதலாயின மேற்கொண்டன.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒற்றுக்கு வலிமை மறைவு. செய்திக்கு உயிர் பரவுதல். பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் கிழமை இதழ் தன் எல்லையுள் புகுதலைச் சென்னை அரசு 1950இல் தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், இதழைப் பரப்புதலும் கருத்துரிமையுள் அடங்கும் என உச்சநீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், பொது ஒழுங்கு முதலியன காரணமாக அவ்வுரிமைக்கு வரம்பிட வழிவகுத்தது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபொழுது செய்திகள் முன்தணிக்கைக்கு உட்பட்டன. வேந்தன் கேட்கத் தக்கது இது, தகாதது இது என்று வினை செய்வோரே வரையறுத்த முறைபிறழ்ச்சி அது.

அரசின் தடை நீங்கிய அளவில் குறை முற்றும் தீர்ந்ததாகுமோ? ஆகாது. ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துநோக்குக. ஒருவரையொருவர் அறியாதவாறு அவர்களை ஆளுக. மூவர் சொல் ஒத்தவழித் தெளிக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இங்கு ‘ஒருவரையொருவர் அறியாமை’ என்பதே உயிர்நிலை. உடைமையாளர் ஒருவராயின், அன்றிச் செய்தி பிறந்த வாய் ஒன்றேயாயின், நூறு இதழ்கள் ஒருபடித்தாய் உரைப்பினும் அஃது ஒருவன் கூற்றே; மூவர் சான்று ஆகாது. இணையத்தில் ஒரு செய்தி நொடிப்பொழுதில் பல்லாயிரவரால் படியெடுத்துப் பரப்பப்படும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது.

ஆகவே, செய்தித்துறையின் உரிமை இருவகைத்து என்பது நம் துணிபு: அரசுக்கு அஞ்சாமை ஒன்று, தம்முள் ஒன்றையொன்று சாராமை மற்றொன்று. முன்னது மட்டும் வாய்த்து, பின்னது வாயாதாயின், வாக்களிப்போர் பல குரல் கேட்டதாக எண்ணி ஒரு குரலுக்கே ஆட்படுவர். ஒத்துநோக்கித் தெளிதல் அன்று வேந்தன் கடன். இன்று படிப்போர் கடன்.