மீன் எண்ணெய் மனநோயைத் தடுக்குமா?

"மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டா மனச்சிதைவு வராதாமே?" இப்படி யாராவது கேட்டால் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. முறையாக நடந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. அந்த ஆய்வு என்ன சொன்னது, அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. மூளையில் இருக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டால் மீதியில் பாதிக்கு மேல் கொழுப்புதான். நரம்பு செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களால் கட்டப்பட்டது. அதில் முக்கியமானது டிஎச்ஏ என்ற ஒமேகா-3. இதையும், இதன் உறவுக்காரரான இபிஏவையும் உடம்பு கொஞ்சமாகத்தான் தயாரிக்கும். மீதி மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ப்பசை உள்ள மீன்களிலிருந்து வரணும். மனச்சிதைவு உள்ளவர்களின் ரத்த சிவப்பணுச் சவ்வில் இந்த அமிலங்கள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஹாரோபின், நோயின் வேரே செல் சவ்வில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். அப்படியென்றால், குறைவதை முன்கூட்டியே நிரப்பினால் நோயைத் தடுக்கலாமா?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் வியன்னாவில் பால் அமிங்கர் குழுவினர். 13 முதல் 25 வயதுக்குட்பட்ட 81 பேர். இவர்களுக்கு நோய் இன்னும் வரவில்லை. ஆனால் லேசாகக் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்ற முன்னறிகுறிகள் இருந்தன. பாதிப்பேருக்கு 12 வாரம் தினமும் சுமார் 1.2 கிராம் ஒமேகா-3. மீதிப்பேருக்கு அதே மாதிரி தெரியும் தேங்காய் எண்ணெய் மாத்திரை. யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாது.

2010-இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் முழு நோயாக மாறியவர்கள்: மீன் எண்ணெய் தரப்பில் 41 பேரில் 2 பேர், தேங்காய் எண்ணெய் தரப்பில் 40 பேரில் 11 பேர். பக்கவிளைவு அதிகம் இல்லாத, மலிவான ஒரு மாத்திரை இவ்வளவு செய்யும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பிள்ளையிடம் இந்த அறிகுறிகளைப் பார்த்துப் பயந்துபோன பெற்றோரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

ஆனா ஒண்ணு கவனிங்க. மொத்தம் 13 பேர்தான் நோயாளி ஆகியிருக்கிறார்கள். இதில் நாலைந்து பேர் தற்செயலாக அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அதனால்தான் மறுபடி, பெரிதாகச் செய்து பார்க்கணும்.

செய்தார்கள். நியூராப்ரோ என்று பெயர். பல நாடுகளில் பத்து மையங்கள், 304 பேர், ஆறு மாதம், தினமும் 1.4 கிராம். பாட்ரிக் மெக்கோரி தலைமை. அமிங்கரும் இதில் இருந்தார். ஒரு வருட முடிவில் நோயாக மாறியவர்கள் மீன் எண்ணெய் தரப்பில் 11.5 சதவீதம், போலி மாத்திரைத் தரப்பில் 11.2 சதவீதம். வித்தியாசமே இல்லை!

ஏன் இப்படி? இந்த முறை எல்லோருக்குமே நல்ல உளவியல் ஆலோசனை கிடைத்தது. அதுவே நோயைக் குறைத்திருக்கலாம். நிறையப் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு அலசியபோது, ரத்தத்தில் ஒமேகா-3 ஏறியவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்ததும் தெரிந்தது. ஆனால் இதை வைத்து "வேலை செய்யுது" என்று சொல்ல முடியாது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவர் தூக்கம், சாப்பாடு, டாக்டரைப் பார்ப்பது எல்லாவற்றிலும் ஒழுங்காக இருப்பவராகவும் இருக்கலாம் இல்லையா?

மனச்சோர்விலும் கிட்டத்தட்ட இதே கதை. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 18,353 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. மீன் எண்ணெய் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து, இபிஏ அதிகமுள்ள மாத்திரை ஓரளவு உதவலாம் என்று சில தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. தடுப்பது வேறு, சிகிச்சைக்குத் துணையாக இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, நம்பிக்கையைக் கொடுத்தவர்களே அதைப் பெரிய சோதனைக்கு உட்படுத்தி, கைகொடுக்காத முடிவையும் மறைக்காமல் வெளியிட்டதுதான். சங்கடம் என்னன்னா, 2010 முடிவு பரவிய வேகத்தில் அடுத்தது பரவவில்லை. பாதியை மட்டும் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மனநோய் மருந்தை நிறுத்தி மீன் எண்ணெய்க்கு மாறினால், நோய் திரும்ப வரும் ஆபத்து நிஜமானது.

மீன் நல்ல உணவு, பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையாக எடுக்கணும்னா டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள். பிள்ளையிடம் முன்னறிகுறி தெரிந்தால் மருந்துக்கடைக்கு முன்னால் மனநல மருத்துவரிடம் போங்கள். நியூராப்ரோவில் இரு தரப்புக்கும் பொதுவாகக் கிடைத்தது அந்தக் கவனிப்புதான்.