வளைவில் மறைந்திருக்கும் கணக்கு

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காண்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. வளைவில் உள்ளோரமாகவே சென்றால் தூரம் குறையுமே! வீரரோ வெளியோரத்திலிருந்து சரிந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கே செல்கிறார். இதனால் அவருக்கு என்ன இலாபம்?

விடை எளிய கணக்கில் உள்ளது. வண்டி 45 பாகை சாய்ந்து செல்வதாகக் கொள்வோம். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அச்சாய்வுக்குரிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, அதே திருப்பத்தை 80 மீட்டர் ஆரமாக விரித்துக்கொண்டால், சாய்வு கூடாமலேயே வேகம் 101 கிலோமீட்டராக உயர்கிறது.

அப்படியானால் மிக அகன்ற வளைவே சிறந்த வழியா? அவ்வாறு முடிவு செய்துவிடலாகாது. இங்கேதான் அளவீடுகள் துணைக்கு வருகின்றன. பந்தய வண்டியில் பொருத்தப்படும் கருவிகள் சக்கர வேகம், சாய்வு, திரும்பும் வேகம், பிரேக்கின் அழுத்தம், ஆக்ஸிலேட்டரின் நிலை ஆகியவற்றை நொடிதோறும் பலமுறை பதிவு செய்கின்றன. நொடிக்கு 30 மீட்டர் ஓடும் வண்டி, அதே நொடியில் 29 பாகை திரும்பினால், அது சென்ற வளைவின் ஆரம் சுமார் 60 மீட்டர் என்று கணித்துவிடலாம். இரு சுற்றுகளின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நேரம் எவ்விடத்தில் இழக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தை எடுத்துக்கொள்வோம். 5.245 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தின் கடைசி வளைவான புச்சீனேயை அடுத்து 1.141 கிலோமீட்டர் நேர்பாதை வருகிறது. 2023-இல் பிராட் பிண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது இங்குதான். இத்தகைய வளைவில், நடுவில் சற்று வேகம் குறைந்தாலும், வண்டியை முன்னதாக நிமிர்த்தி முடுக்குபவருக்கே ஆதாயம். வளைவு முடியுமிடத்தில் பெற்ற வேகம் நேர்பாதை நெடுகத் துணை வருமன்றோ!

டயரின் பிடிமானமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. பிரேக்கும் திருப்பமும் அதனைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நூற்றில் 80 பங்கைத் திரும்புவதற்குச் செலவிட்டால், பிரேக்கிற்கு 60 பங்கே எஞ்சும். முழுவதையும் திருப்பத்துக்கே கொடுத்துவிட்டால் ஒன்றும் எஞ்சாது. இவ்வெல்லைகளுக்கு உட்பட்டு மிகக் குறைந்த நேரத்தில் செல்லும் வழியைக் கணினியே தேடிக் கண்டறியும் முறையை, பாதுவா பல்கலைக்கழகத்தின் வித்தோரே கொசல்டேரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்டனர்.

வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் உள்ள பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வருவதில்லை; முழு அகலமும் வீரருக்கே உரியது. சாலையில் பாதியளவே நமக்குரியது. பந்தய வீரரைப் போல அங்கே வளைவை விரிக்க முயல்பவர், எதிரே வருபவரின் பாதையில் நுழைந்துவிடுகிறார். மணலும் எண்ணெய்க் கசிவும் டயரின் பிடிமானத்தை முன்னறிவிப்பின்றிக் குறைத்துவிடும். அளவிடும் கருவிகளும் அங்கே இல்லை.

எனினும் இவ்வாய்விலிருந்து சாலைக்குப் பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வளைவின் நடுப்பகுதியன்று. வளைவுக்கு முன்னரே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் வண்டிச் சாவியைக் கொடுக்குமுன் இதனைச் சொல்லிக்கொடுங்கள்.