கடனும் ஊகமும் ஒரே சொல்லில்

பிரெஞ்சு மொழி பயிலத் தொடங்குவோர் விரைவிலேயே சந்திக்கும் வினைச்சொல் ‘துவுவார்’ என்பதாகும். அன்றாடப் பேச்சில் பெரிதும் வழங்கும் இச்சொல், பயில்வோரை மயங்க வைப்பதிலும் குறைந்ததன்று.

இலத்தீன் மொழியின் ‘தெபேரே’ என்னும் சொல்லே இதன் தாய். பிறரிடமிருந்து பெற்றதை வைத்திருத்தல் என்பது அதன் மூலப்பொருள். ஆகவே கடன்பட்டிருத்தல் என்னும் கருத்து இச்சொல்லில் வேரூன்றியுள்ளது. பெற்றவன் திருப்பித் தரவேண்டியவன். எனவே ‘செய்தாக வேண்டும்’ என்னும் கட்டாயப் பொருளும் இதனோடு சேர்ந்தது. பெயர்ச்சொல்லாக வரும்போது இதுவே கடமையைக் குறிக்கும். பன்மையில் மாணவரின் வீட்டுப்பாடத்தையும் குறிக்கும். தமிழிலும் ‘கடன்’ என்பது வாங்கிய பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டுவது எண்ணி மகிழத்தக்கது.

இச்சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு, அதுவே ஊகம். ‘இல் துவா பர்த்தீர்’ என்றால் அவர் புறப்பட வேண்டும் என்பது பொருள். ‘இல் துவா எத்ர் மலாத்’ என்றாலோ, அவர் நோயுற்றிருக்க வேண்டும் என்பதாகும். நோயுறும்படி அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. நாமே அவ்வாறு கருதுகிறோம்.

இறந்த காலத்தில் மயக்கம் இன்னும் மிகும். ‘இல் அ த்யூ பர்த்தீர்’ என்பதற்கு, அவர் புறப்படவேண்டியதாயிற்று என்றும், அவர் புறப்பட்டிருக்க வேண்டும் என்றும் இரு பொருளுண்டு. முன்பின் வாக்கியங்களே தீர்ப்புக் கூறும். எதிர்கால வடிவமான ‘துவ்ரா’ பெரும்பாலும் கட்டாயத்தையே உணர்த்தும். ‘துவ்ரே’ என்னும் வடிவமோ, ‘செய்தால் நல்லது’ என்ற அறிவுரையாக மென்மையுறும்.

நம் ‘வேண்டும்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘அவன் வந்திருக்க வேண்டும்’ என்பது வந்திருப்பான் என்ற ஊகமா? வராமற்போனான் என்ற குறையா? இடம் நோக்கியே அறிகிறோம்.

இம்மயக்கம் இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. மகன் காலந்தாழ்த்தி வீடு திரும்பினால், ‘தீய நண்பரோடு சுற்றியிருக்க வேண்டும்’ என்கிறோம். மருமகள் முகம் வாடியிருந்தால், ‘நம்மீது கோபமாயிருக்க வேண்டும்’ என்கிறோம். ஊகமாய்ப் பிறந்தது சற்று நேரத்தில் தீர்ப்பாகிவிடுகின்றது. அவர்கள் நமக்குச் செய்யவேண்டியதைக் கணக்கிடும் நாம், அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டியதை மறந்துவிடுகிறோம்.

ஒருவர் மற்றவருக்கு அன்பைத் தவிர வேறெந்தக் கடனும் பட்டிருத்தலாகாது என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார் (13:8). இலத்தீன் விவிலியத்தில் அவ்விடத்தில் நிற்பது இதே ‘தெபேரே’ என்னும் வினைச்சொல்லே. ஊகித்துத் தீர்ப்பிடுமுன், அருகில் அமர்ந்து, ‘என்ன நடந்தது?’ என்று அன்போடு கேட்டறிவோம். நம் இல்லங்களில் நாம் நாள்தோறும் செலுத்தவேண்டிய கடன் அதுவே.